குழந்தை உள்ளம் கண்ட மரியா மாண்டிசோரி அம்மையார்



ஒரே கொடியின் அரும்புகள் யாவும் ஒரே நாளில் மலர்வதில்லை. ஒரே வகுப்பில் பயிலும் மாணவரும் அவ்வாறே. ஒருவர் கேட்டவுடன் கற்பார். மற்றொருவர் தொட்டுப் பார்த்துக் கற்பார். வேறொருவருக்குப் பன்முறை பயிற்சி வேண்டும். இவ்வுண்மை உணரப்படாத காலத்தில், மெல்லக் கற்கும் குழந்தைகள் மந்த புத்தியினர் என ஒதுக்கப்பட்டனர். அந்நிலையை மாற்ற உழைத்த பெருமக்களுள் ஒருவர் மரியா மாண்டிசோரி அம்மையார்.

அம்மையார் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலி நாட்டின் கியாரவல்லே என்னும் ஊரில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாயிருந்த அக்காலத்தில், எதிர்ப்புகளைப் பொருட்படுத்தாது பயின்று, 1896இல் ரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

பின்னர், அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகள் மனநோயாளர் விடுதிகளில் அடைக்கப்பட்டிருப்பதைக் கண்டு உள்ளம் உருகினார். அவர்களுக்கு வேண்டியது மருந்தன்று, கல்வியே எனத் தெளிந்தார். இத்தார், செகேன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருவரின் நூல்களை ஆழ்ந்து கற்றார். 1900இல் ரோமில் தொடங்கப்பெற்ற சிறப்புப் பள்ளியின் இயக்குநர்களுள் ஒருவரானார். அங்கே குழந்தைகள் மரத்தாலான எழுத்துகளை விரலால் தடவித் தடவி அவற்றின் வடிவை அறிந்தனர். கற்க இயலாதோர் எனத் தள்ளப்பட்ட அவர்களுள் சிலர், ஏனைய குழந்தைகளுக்குரிய தேர்விலேயே வெற்றி பெற்றனர். கண்டோர் வியந்தனர். அம்மையாரோ வேறொன்றை எண்ணி வருந்தினார். குறையுடைய குழந்தைகளே இவ்வளவு முன்னேறுவராயின், குறையற்ற குழந்தைகளின் வளர்ச்சியைச் சாதாரணப் பள்ளிகள் எவ்வளவு தடுத்துள்ளன என்பதே அவ்வெண்ணம்.

1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், ரோமில் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில், குழந்தைகள் இல்லம் என்னும் பள்ளியைத் திறந்தார். அங்கே குழந்தைகள் தாமே விரும்பிய கருவியை எடுத்து, தத்தம் வேகத்தில் கற்றனர். ஆசிரியர் குழந்தையைக் கூர்ந்து நோக்கி, வேண்டியபோது மட்டும் துணை புரிந்தார். நான்கு, ஐந்து வயதுச் சிறுவர்கள் எழுதத் தொடங்கினர். அம்முறை உலகெங்கும் பரவியது.

1939இல் அம்மையார் சென்னை அடையாற்றிற்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்தமையால் தாயகம் திரும்ப இயலவில்லை. கோடைக்கானலில் தங்கியிருந்த ஆண்டுகளில், பல வயதுக் குழந்தைகள் ஒன்றாகக் கற்பதை ஆராய்ந்தார். பெரியோர் சிறியோருக்கு உதவுவதால் இருவரும் வளர்வதைக் கண்டார். 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் நெதர்லாந்தில் மறைந்தார்.

பல வயதினர் கூடிக் கற்பது நம் வட்டாரத்திற்குப் புதிதன்று. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்த தோட்டங்கள் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. கோல சிலாங்கூர், ஈஜோக், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்சுந்தை முதலிய இடங்களின் தோட்டப் பள்ளிகளில், பல வகுப்பினர் ஓரிரு ஆசிரியர்களிடம் பயின்றனர். ஆனால், குழந்தைக்கேற்ற கருவிகளும் தனிக் கவனிப்பும் அங்குக் கிட்டவில்லை. படிப்பு வராது எனப் பெயர் பெற்ற பிள்ளை, பலகையை வைத்துவிட்டுப் பால்மரக் காட்டிற்குச் சென்றது. அப்பிள்ளைக்கு அறிவில்லை என்பதன்று. அதன் அறிவைத் திறக்கும் வழியை எவரும் தேடவில்லை என்பதே உண்மை.

காலம் மாறியது. மலேசியாவில் 1997இல் வந்த சிறப்புக் கல்வி விதிமுறைகள், பிறர் துணையின்றித் தம்மைக் கவனித்துக்கொள்ளக்கூடிய பிள்ளைகளுக்கே இடமளித்தன. 2019இல், எப்பிள்ளையையும் பள்ளி மறுத்தலாகாது என்னும் கொள்கை நடைமுறைக்கு வந்தது. மெல்லக் கற்போருக்குக் குறைநீக்கல் வகுப்புகளும் நடைபெறுகின்றன.

எனினும், சட்டம் பள்ளியின் கதவைத்தான் திறக்கும். நெஞ்சின் கதவை நாமே திறக்க வேண்டும். தடுமாறி வாசிக்கும் தோழனைக் கண்டு நகையாதீர்கள். அருகமர்ந்து அவனுக்கு ஓர் எழுத்தைக் காட்டுங்கள். மக்கு என்னும் சொல்லை நம் நாவிலிருந்து நீக்குவோம். அதுவே அம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.