திருத்தணி மாணவருக்குக் கிடைத்த பழைய புத்தகங்கள்... ராதாகிருஷ்ணன் வாழ்க்கையையே மாற்றியது எப்படி?

திருத்தணி என்றாலே மலைக்கோயிலும் அதன் 365 படிகளும்தான் நினைவுக்கு வரும். டிசம்பர் 31 இரவு படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் பூஜை நடக்கும், ஒவ்வொரு படியிலும் பாடிக்கொண்டே மக்கள் ஏறுவார்கள்.

அந்த ஊரில் பிறந்த ஒருவர், படிப்பு என்கிற இன்னொரு படியில் ஏறி நாட்டின் குடியரசுத் தலைவர் வரைக்கும் போனார். அவர்தான் டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். செப்டம்பர் 5 ஆசிரியர் தினம் என்றால் பள்ளிக்கூட பசங்களுக்கு அவரைத் தெரியும். ஆனால் 16, 17 வயதில் அவர் கைக்கு வந்த சில பழைய புத்தகங்கள்தான் அவர் என்ன படிக்க வேண்டும் என்பதையே முடிவு செய்தன என்பது பலருக்குத் தெரியாது.

அந்தக் கதையையும், இன்றைக்கு 11 முதல் 17 வயதில் இருப்பவர்கள் அதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் பார்ப்போம்.

எல்லை ஊரில் பிறந்தவர்

1888 செப்டம்பர் 5 அன்று திருத்தணியில் ராதாகிருஷ்ணன் பிறந்தார். அப்போது திருத்தணி, சென்னை மாகாணத்தின் வடஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. வீட்டில் பேசிய மொழி தெலுங்கு. பெயருக்கு முன்னால் வரும் சர்வபள்ளி, நெல்லூர் பக்கம் உள்ள ஒரு ஊரின் பெயர். தமிழும் தெலுங்கும் தெருவுக்குத் தெரு கலந்து ஒலிக்கும் ஊர் இது. இன்றைக்கும் அப்படித்தான்.

அப்பா வீராசாமி, ஜமீனில் வருவாய்த் துறையில் சாதாரண வேலை பார்த்தவர். அம்மா சீதம்மா. வசதியான குடும்பம் கிடையாது. திருத்தணியில் ஆரம்பப் படிப்பு, பிறகு திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளி, அதன்பிறகு வேலூர் ஊரிஸ் கல்லூரி என்று படிப்பு ஊர் ஊராக நகர்ந்தது. உதவித்தொகைகள் அந்தப் படிப்பைத் தாங்கின. பதின்வயதிலேயே திருமணமும் ஆகிவிட்டது.

பாடத்தை முடிவு செய்த புத்தகங்கள்

அடுத்து சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. அங்கே எந்தப் பாடத்தை எடுப்பது? இன்றைக்கு பிளஸ் டூ முடித்த ஒவ்வொரு வீட்டிலும் ஓடும் அதே கேள்விதான்.

கவுன்சிலிங் இல்லாத காலம். புத்தகம் வாங்கப் பணமும் இல்லை. அதே கல்லூரியில் படித்து முடித்த உறவுக்கார அண்ணன் ஒருவர், தான் படித்த தத்துவப் பாடப் புத்தகங்களை அவரிடம் கொடுத்தார். புத்தகச் செலவு மிச்சம். தத்துவமே எடுத்துவிட்டார்.

அந்த வீட்டுக் கணக்கு அவ்வளவு எளிமையானது. அண்ணன் வேறு பாடம் படித்திருந்தால், தம்பியின் பாடமும் வேறாகவே இருந்திருக்கும்.

ஆனால் கையில் வந்ததை அவர் சும்மா மனப்பாடம் செய்துவிட்டுப் போகவில்லை. இந்து சமயச் சிந்தனை மீது மிஷனரி ஆசிரியர்கள் வைத்த விமர்சனங்கள் அவரைக் குடைந்தன. பதில் தேடி மூல நூல்களுக்குப் போனார். 1908-ல், 20 வயதில், வேதாந்தத்தின் அறநெறி பற்றி முதுகலைப் பட்டத்துக்காக ஒரு ஆய்வுரை எழுதினார். கேள்வி எழுப்பிய அதே கல்லூரியின் பேராசிரியர் ஏ.ஜி. ஹாக், அந்த ஆய்வைப் பாராட்டினார்.

வகுப்பறையிலிருந்து ஆக்ஸ்போர்டு வரை

1909-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியர் ஆனார். 1918-ல் மைசூர், 1921-ல் கல்கத்தா பல்கலைக்கழகம். மைசூரை விட்டுக் கிளம்பியபோது, பூ அலங்கரித்த வண்டியில் அவரை உட்காரவைத்து மாணவர்களே ரயில் நிலையம் வரை இழுத்துச் சென்றார்கள் என்பது பிரபலமான சம்பவம்.

இந்தியத் தத்துவம் பற்றிய அவருடைய பெரிய நூல் இரண்டு தொகுதிகளாக 1923, 1927-ல் வெளிவந்தது. 1931-ல் ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1936-ல் ஆக்ஸ்போர்டில் கீழை நாட்டுச் சமயங்களுக்கான பேராசிரியர். பழைய புத்தகத்தில் படித்த பையன், உலகம் படிக்கும் புத்தகங்களை எழுதுபவராக ஆனார்.

ஒரு சர்ச்சையும் உண்டு

இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். தன்னுடைய ஆய்விலிருந்து பகுதிகளை எடுத்துப் பயன்படுத்திவிட்டார் என்று கல்கத்தாவைச் சேர்ந்த ஜதுநாத் சின்ஹா 1929-ல் ராதாகிருஷ்ணன் மீது வழக்குப் போட்டார். ராதாகிருஷ்ணன் அதை மறுத்து எதிர்வழக்குத் தொடுத்தார். 1933-ல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டதால் யார் சொன்னது சரி என்று நீதிமன்றம் தீர்ப்பு சொல்லவே இல்லை. அந்தக் கேள்வி இன்றும் ஆய்வாளர்கள் மத்தியில் பேசப்படுகிறது.

காசியில் சேர்ந்த இரண்டு சென்னை ஆசிரியர்கள்

1939 முதல் 1948 வரை பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார் ராதாகிருஷ்ணன். 1945-ல் அங்குள்ள நூலகத்தைச் சீர்படுத்த அவர் அழைத்தது யாரைத் தெரியுமா? சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனை.

ரங்கநாதனும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி மாணவர்தான், மாநிலக் கல்லூரியில் கணக்கு ஆசிரியராக இருந்தவர்தான். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். புத்தகம் பூட்டி வைப்பதற்கு இல்லை, படிப்பதற்கு. ஒவ்வொரு வாசகருக்கும் ஏற்ற புத்தகம் உண்டு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் உண்டு. வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும். இதுதான் அந்த விதிகளின் சாரம்.

பனாரஸில் சுமார் ஒரு லட்சம் புத்தகங்களை அவர் தனியாளாக வகைப்படுத்தினார். ரங்கநாதனின் முயற்சியால் 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. நம்ம தெரு முனையில் இருக்கும் கிளை நூலகத்தின் வேர் அந்தச் சட்டம்தான்.

பல்கலைக்கழகத்தின் இதயம் எது?

சுதந்திரத்துக்குப் பிறகு உயர்கல்வியைச் சீரமைக்க 1948-ல் ஒரு குழு அமைக்கப்பட்டது. தலைவர் ராதாகிருஷ்ணன். 1949-ல் வந்த அதன் அறிக்கை, பல்கலைக்கழகப் பணிகளுக்கெல்லாம் நூலகமே இதயம் என்ற கருத்தை முன்வைத்தது. ஒரு பல்கலைக்கழகம் தன் செலவில் சுமார் 6¼ சதவீதத்தை நூலகத்துக்கு ஒதுக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

அண்ணன் கொடுத்த புத்தகத்தை நம்பிப் படித்தவர், அப்படி ஒரு அண்ணன் இல்லாத மாணவருக்கும் புத்தகம் கிடைக்க வழி சொன்ன அறிக்கை அது.

அதன்பின் சோவியத் யூனியனுக்கான தூதர், 1952-ல் குடியரசுத் துணைத் தலைவர், 1954-ல் பாரத ரத்னா, 1962-ல் குடியரசுத் தலைவர். அந்த ஆண்டு பிறந்தநாளைக் கொண்டாட வந்தவர்களிடம், அந்த நாளை ஆசிரியர்களுக்கான நாளாக வைத்துக்கொள்ளச் சொன்னார். 1967-ல் பதவி முடிந்ததும் சென்னை திரும்பினார். 1975 ஏப்ரல் 17-ல் காலமானார். சென்னையில் அவர் வாழ்ந்த எட்வர்ட் எலியட்ஸ் சாலைதான் இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை.

அவர் பிறந்த ஊர் தமிழ்நாட்டுக்கு வந்தது எப்படி?

1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போய்விட்டது. ம.பொ. சிவஞானம் தலைமையில் நடந்த வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் பரிந்துரை என எல்லாம் முடிந்து, 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி மீண்டும் நம்ம மாநிலத்தோடு சேர்ந்தது. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் ம.பொ.சி. அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலை பார்த்துக்கொண்டே படித்து வளர்ந்து, சிலம்புச் செல்வர் ஆனார். அவருக்கும் கைகொடுத்தது புத்தகம்தான்.

சரி, நீங்க என்ன செய்யலாம்?

• உறுப்பினர் ஆகுங்க: கிளை நூலகத்தில் சேர சிறிய தொகை போதும். தமிழ்நாட்டில் ஒவ்வொரு ரூபாய் சொத்து வரிக்கும் 10 பைசா நூலக வரியாக வசூலாகிறது. அதனால் நூலகம் யாரோ இலவசமாகக் கொடுப்பது இல்லை, அது உங்க உரிமை. தயங்காமல் உள்ளே போங்க.

• எதிலிருந்து ஆரம்பிப்பது? 11, 12 வயதுக்கு ஜப்பானிய எழுத்தாளர் தெத்சுகோ குரோயாநாகியின் 'டோட்டோ-சான்' தமிழில் கிடைக்கிறது. ரயில் பெட்டிகளில் நடந்த ஒரு பள்ளியின் கதை. கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும் மாணவியின் கதை வேண்டுமா? இரா. நடராசனின் 'ஆயிஷா' இருக்கிறது, ஒரே மூச்சில் முடித்துவிடலாம். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் புதுசாக ஒன்று தெரிய வேண்டும் என்றால் பெ. தூரனின் குழந்தைகள் கலைக்களஞ்சியம். 15 வயதுக்கு மேல் ம.பொ.சி.யின் 'எனது போராட்டம்'. திருத்தணி பசங்களுக்கு அது சொந்த ஊர்க் கதை.

• 10 பக்கம் வரை பொறுமை: பிடிக்கவில்லையா? திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு எடுங்க. அதில் தப்பே இல்லை.

• ஒரு நோட்டு வையுங்க: புத்தகத்தின் பெயர், எழுதியவர், பக்க எண், உங்களுக்குத் தோன்றியது. எது அடுத்தவர் சொன்னது, எது நீங்க யோசித்தது என்று பிரித்து எழுதிப் பழகினால், மேலே பார்த்த மாதிரி சர்ச்சைக்கே இடம் இருக்காது.

• பெரியவர்களிடம் கேளுங்க: 1960-ல் பள்ளிக்குப் போன தாத்தா பாட்டிகள் இன்றும் ஊரில் இருக்கிறார்கள். எல்லை மாறிய நாளில் என்ன நினைவிருக்கிறது என்று கேட்டு எழுதுங்க. நான்கு நண்பர்கள் சேர்ந்து செய்தால் ஒரு கையெழுத்துப் பத்திரிகையே தயார்.

• பழைய புத்தகத்தைக் கைமாற்றுங்க: தேர்வு முடிந்ததும் பாடப் புத்தகம், கைடு எல்லாவற்றையும் எடைக்குப் போடும் முன், அடுத்த வகுப்புக்கு வரும் தம்பி தங்கைக்கு அது வேண்டுமா என்று கேளுங்க.

ராதாகிருஷ்ணனுக்குப் புத்தகம் கொடுத்த அந்த அண்ணன், வருங்காலக் குடியரசுத் தலைவருக்குக் கொடுக்கிறோம் என்று நினைத்துக் கொடுக்கவில்லை. படித்து முடித்தது வீட்டில் கிடந்தது, தேவைப்பட்டவருக்குக் கொடுத்தார். உங்க அலமாரியிலும் அப்படி ஏதாவது கிடக்கிறதா, ஒரு தடவை பாருங்க.