தாயரைக் காத்த செமல்வைஸ்

மகப்பேற்றை மறுபிறப்பு என்பது நம் நாட்டு வழக்கு. பத்துத் திங்கள் சுமந்து பெற்ற தாய், குழந்தையின் முகங்கண்டு மகிழ்ந்த மூன்றாம் நாளிற் குளிரும் காய்ச்சலுங் கண்டு, ஒரு கிழமைக்குள் உயிர் துறக்கும் துயரம் முன்னாளில் உலகெங்கும் நிகழ்ந்தது. நம் தீவகமும் அதற்கு விலக்கன்று. பிரசவக் காய்ச்சல் எனப்படும் அந்நோய் வைத்தியசாலைகளிலே தாயரைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. அதனைத் தடுக்கும் வழியைக் கண்ட பெருமகன் இக்னாஸ் செமல்வைஸ். உண்மையைக் கண்டும் அதனை உலகம் ஏற்கச் செய்ய இயலாது மடிந்த அவரது வாழ்க்கை, கற்பார்க்கும் கற்பிப்பார்க்கும் ஒருங்கே பாடமாவது.

செமல்வைஸ் 1818ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி அங்கேரி நாட்டின் பூடா நகரிற் பிறந்தார். தந்தையார் பலசரக்கு வணிகர். 1837இற் சட்டம் பயிலும் நோக்குடன் வியன்னா சென்றவர், மறு ஆண்டே மருத்துவத்தின்பால் உள்ளஞ் சென்று அத்துறை புகுந்தார். 1844இற் பட்டம் பெற்றார். சவப்பரிசோதனையிற் பெயர்பெற்ற ரொக்கிற்றான்ஸ்கி, நோயறி கலையில் வல்ல ஸ்கோடா, தோல்நோய் அறிஞர் ஹெப்ரா ஆகியோர் அவருக்கு வழிகாட்டிகளாக வாய்த்தனர். 1846ஆம் ஆண்டு யூலை மாதத்தில், வியன்னாப் பொது வைத்தியசாலையின் முதலாம் மகப்பேற்று விடுதியிற் பேராசிரியர் கிளைன் என்பாரின் உதவி மருத்துவரானார்.

அவ்வைத்தியசாலையில் மகப்பேற்று விடுதிகள் இரண்டு இருந்தன. முதலாவதில் மருத்துவ மாணாக்கரும், இரண்டாவதில் மருத்துவிச்சிகளாகப் பயில்வோரும் பயிற்சி பெற்றனர். வந்த நாளைப் பொறுத்தே தாயர் இவ்விடுதியிலோ அவ்விடுதியிலோ சேர்க்கப்பட்டனர். 1846ஆம் ஆண்டில் முதலாம் விடுதியில் நிகழ்ந்த 4,010 பேறுகளில் 459 தாயர் இறந்தனர். இரண்டாம் விடுதியில் 3,754 பேறுகளில் 105 தாயர் இறந்தனர். முன்னதில் நூற்றுக்குப் பதினொருவர். பின்னதில் நூற்றுக்கு மூவரினுங் குறைவு. நகர மகளிர் இதனை அறிந்திருந்தனர். முதலாம் விடுதியில் விடவேண்டா என முழந்தாளிட்டு மன்றாடினர். வழியிலே தெருவிற் பிள்ளை பெற்று வந்தவர்கள்கூட விடுதியிற் பெற்றவர்களினும் நலமாயிருந்தனர்.

செமல்வைஸ் இவ்வேறுபாட்டின் காரணத்தைத் தேடினார். காற்றிற் பரவும் தீய ஆவியே நோய்க்குக் காரணம் என அந்நாளைய மருத்துவர் பலர் கருதினர். ஆயின் இரு விடுதிகளுக்கும் காற்று ஒன்றே. நெருக்கடி காரணமோ எனின், இரண்டாம் விடுதியிலேதான் கூட்டம் மிகுதி. பேற்றின்போது தாயர் கிடக்கும் நிலையை மாற்றிப் பார்த்தார். சாவோருக்கு இறுதிச் சடங்கு செய்ய மணி ஒலித்துச் செல்லும் குருவின் வழியையும் மாற்றச் செய்தார். ஒன்றாலும் பயன் விளையவில்லை. ஒவ்வொன்றாய் ஆராய்ந்து, பொருந்தாதவற்றைக் கழித்து, எஞ்சியதைத் தேடும் இம்முறையே அவரது ஆராய்ச்சியின் உயிர்நாடி.

1847ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவருடைய நண்பர் பேராசிரியர் கொலெச்கா காலமானார். சவப்பரிசோதனையின்போது மாணாக்கர் ஒருவரின் கத்தி அவர் விரலிற் பட்டது. அச்சிறு காயமே உயிரைக் குடித்தது. அவருடலிற் கண்ட குறிகளைப் படித்த செமல்வைஸ் திடுக்குற்றார். பிரசவக் காய்ச்சலால் இறந்த தாயரின் உடலிற் கண்ட குறிகளும் அவையே. உண்மை விளங்கிற்று. மருத்துவரும் மாணாக்கரும் காலையிற் சவங்களை அறுத்து ஆராய்ந்தபின், அதே கைகளோடு தாயரைப் பரிசோதித்தனர். பிணத்திலிருந்த நஞ்சு அவர்தங் கைகளிலேயே சென்றது. மருத்துவிச்சி மாணவியர் சவப்பரிசோதனை செய்வதில்லை. ஆதலின் இரண்டாம் விடுதி ஓரளவு தப்பிற்று.

செத்தவீடு சென்று மீள்பவர் முழுகியபின்பே மனையுட் புகும் வழக்கம் நம்மவர்க்கு உண்டு. அது துடக்கு என்னும் நம்பிக்கையால் வந்தது. நோய் ஆராய்ச்சியால் வந்ததன்று. ஆயினும் சவக்கூடத்திலிருந்து நேரே பேற்றறைக்குட் செல்வது எத்தகையது என்பதை உணர்த்த இவ்வழக்கம் நமக்கு உதவும்.

சவர்க்காரமிட்டுக் கழுவியபின்னும் கைகளிற் பிணவாடை நிற்பதை அவர் கவனித்தார். வாடையை நீக்குவது நஞ்சையும் நீக்குமெனக் கருதி, குளோரீன் கலந்த நீரிலும், பின்பு நாம் கிணற்றுக்கு இடும் வெளிற்றும் தூளைப் போன்ற குளோரீன் சுண்ணாம்புக் கரைசலிலும் கைகழுவ வேண்டுமென 1847ஆம் ஆண்டு மே மாத நடுப்பகுதியிற் கட்டளையிட்டார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு, யூன் மாதத்தில் நூற்றுக்கு இரண்டளவாகக் குறைந்தது. 1848இல் இரு மாதங்களில் ஒரு தாயேனும் அந்நோயால் இறக்கவில்லை.

இடையில் ஓர் அதிர்ச்சி நேர்ந்தது. 1847 ஒக்டோபரிற் கருப்பைப் புற்றுநோயுற்ற ஒரு பெண்ணைப் பரிசோதித்தபின், குளோரீன் நீரிற் கைகழுவாது அடுத்தடுத்துப் பன்னிரு தாயரை மருத்துவர் பரிசோதித்தனர். அவருட் பதினொருவர் இறந்தனர். பிணத்திலிருந்து மட்டுமன்றி, உயிருள்ள நோயாளியின் புண்ணிலிருந்தும் நஞ்சு பரவும் என்பதை அது காட்டிற்று. ஒவ்வொரு நோயாளியைத் தொட்டபின்னும் கைகழுவல் அதன்பின் விதியாயிற்று.

இத்துணை நன்மை செய்த உண்மையை உலகம் ஏன் ஏற்கவில்லை? அது மருத்துவரின் கைகளையே குற்றஞ்சாட்டியது. தம் கையால் தாம் காக்க வந்தவரே மாண்டனர் என்பதை ஒப்புக்கொள்ள எத்தனை பேருக்கு நெஞ்சுரம் உண்டு? செமல்வைஸ் தம்மையும் அக்குற்றத்தினின்று விலக்கவில்லை. பிறரினும் மிகுதியாகச் சவப்பரிசோதனை செய்த தம்மால் இறந்தோர் பலர் என்பதை அவர் மறைக்கவில்லை. கீல் நகரப் பேராசிரியர் மிக்கேலிசு என்பார் இக்கொள்கையை ஏற்றார். தாம் பேறு பார்த்த உறவினர் ஒருவர் அந்நோயால் இறந்தமை நினைந்து வருந்தி, 1848இல் தம்முயிரை மாய்த்துக்கொண்டார். உண்மையின் சுமை அத்தகையது.

எனினும் குறை முழுவதும் பிறர்பாலதன்று. கிருமிகள் நோய் விளைப்பது நிறுவப்படாத காலம் அது. கையில் ஒட்டிய நஞ்சு யாதெனக் காட்ட அவரால் இயலவில்லை. அதனினும் பெரிய குறை, எழுதுவதில் அவருக்கிருந்த வெறுப்பு. அவர் கண்டதை முதலில் வெளியிட்டவர் நண்பர் ஹெப்ராவே. 1849இல் அவரது பதவிக்காலம் முடிவுற்றது, நீடிக்கப்படவில்லை. 1850இல் எவரிடமும் விடைபெறாது வியன்னாவை விட்டகன்றார். பெஸ்து நகரின் தூய ரோக்கு வைத்தியசாலையில் ஊதியமின்றிப் பணியேற்றார். அங்கு நிகழ்ந்த 933 பேறுகளில் அந்நோயால் இறந்த தாயர் எண்மர் மட்டுமே. 1855இற் பெஸ்துப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

தம் கண்டுபிடிப்பை விளக்கும் நூலை அவர் வெளியிட்டது 1861இலேயே. பதினான்கு ஆண்டுகள் கழிந்துவிட்டன. அந்நூலோ நீண்டு, சினம் மிகுந்து, படிப்போரைக் களைப்புறச் செய்தது. மறுத்தோரைக் கொலைஞர் என்றே திறந்த மடல்களில் வைதார். தாயரின் சாவு கண்டு கொதித்த நெஞ்சின் சினம் அது. எனினும் அச்சினம் பகைவரைப் பெருக்கியதேயன்றி நண்பரைச் சேர்க்கவில்லை. 1865இல் அவர் மனநிலை குன்றியது. யூலை இறுதியில் வியன்னாவிலுள்ள மனநோயாளர் இல்லத்திற் சேர்க்கப்பட்டார். இரு கிழமைகளுள், உடலிற் பட்ட காயம் சீழ்கொண்டு குருதியில் நஞ்சேறி, ஆகஸ்டு 13ஆந் திகதி காலமானார். அப்போது வயது 47. எந்நோயை எதிர்த்துப் போராடினாரோ, அதன் இனத்து நோயே அவரையுங் கொண்டது.

அதற்கு முந்திய நாள், கிளாஸ்கோ நகரில் யோசேப்பு லிஸ்டர் என்னும் அறுவை மருத்துவர், காலெலும்பு முறிந்த ஒரு சிறுவனின் புண்ணுக்குக் காபோலிக்கமிலம் தோய்த்த கட்டு இட்டார். 1879இல் லூயி பாஸ்டர், பிரசவக் காய்ச்சலை விளைப்பது சங்கிலிபோற் கோவைப்பட்ட கிருமியெனப் பாரிசில் எடுத்துக்காட்டினார். செமல்வைஸ் கூறியது மெய்யாயிற்று. கேட்க அவர்தாம் இல்லை. 1969 முதல் புடாப்பெஸ்து மருத்துவப் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

செமல்வைஸ் கைகழுவும் விதியை இயற்றிய அதே 1847ஆம் ஆண்டிலேதான், அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். நமக்கு அண்மையிலுள்ள மானிப்பாயிலிருந்து, மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். மகப்பேற்று மருத்துவம் பற்றிய தமிழ்நூலை அவர் 1857இல் வெளியிட்டார். செமல்வைஸின் நூல் வெளிவர அதன்பின் நான்காண்டு சென்றது. கிறீன் புதியதொரு நோய்க்காரணத்தைக் கண்டவரல்லர். கண்டறிந்தோர் கூறியவற்றைக் கற்போர்க்கு விளங்கும் மொழியிற் சொன்னவர். செமல்வைஸோ கண்டவர், விளங்கச் சொல்லாதவர். காண்பதும் சொல்வதும் கூடியவிடத்தே கல்வி பயன் தருகின்றது. மொழியாசிரியனாகிய எனக்கு இவ்விருவர் வாழ்வும் ஒருங்கு நினைவில் எழுவது இதனாலேயே.

வைத்தியசாலையிற் பரவும் தொற்று இன்றும் ஒழிந்துவிடவில்லை. ஆண்டுதோறும் மே மாதம் ஐந்தாந் திகதியை உலக சுகாதார நிறுவனம் கைச்சுத்த நாளாகக் கொள்வது அதனாலேயே. நம் மாணாக்கரில் மருத்துவராயும் தாதியராயும் வரவிருப்போர் பலர். அவர்கள் நோயாளியின் கட்டிலருகே செல்லுமுன் கைகளைத் தூய்மை செய்யும்போது, வியன்னாவில் முழந்தாளிட்டு அழுத தாயரை நினைப்பார்களாக. ஏனையோரும், தங் கணக்குத் தம்மையே பிழையென்று காட்டுமிடத்து, கணக்கை அழியாது தம்மைத் திருத்திக்கொள்வார்களாக.