மறுபிறவி தந்த சிறுநீரகம்!

எம்.ஜி.ஆர். என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? வெள்ளைத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கத்திச்சண்டை. நம்ம தாத்தா பாட்டியைக் கேட்டால் இன்னும் நூறு விஷயம் சொல்வார்கள். ஆனால் அவர் தன் கடைசி மூன்று ஆண்டுகளை இன்னொருவர் கொடுத்த சிறுநீரகத்தால் வாழ்ந்தார் என்பது உங்களுக்குத் தெரியுமா? அந்தக் கதையைப் பார்ப்போம், வாருங்கள்.

பசியில் வளர்ந்த பிள்ளை

1917 ஜனவரி 17 அன்று, இலங்கையில் கண்டி அருகே நாவலப்பிட்டியில் மருதூர் கோபாலன் ராமச்சந்திரன் பிறந்தார். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். அம்மா சத்யபாமா, அண்ணன் சக்ரபாணியையும் இவரையும் கும்பகோணத்துக்கு அழைத்து வந்து வளர்த்தார். வீட்டில் வறுமை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அண்ணனும் தம்பியும் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார்கள். 1936-ல் 'சதிலீலாவதி' படத்தில் சின்ன வேஷம். கதாநாயகன் ஆக 1947-ல் 'ராஜகுமாரி' வரும்வரை காத்திருந்தார். பதினோரு வருஷம், சும்மாவா!

1967 ஜனவரி 12 அன்று துப்பாக்கிக் குண்டு கழுத்தில் பாய்ந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் குரல் மாறிப்போனது, ஒரு காதும் சரியாகக் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் நடித்தார், 1972-ல் கட்சி தொடங்கினார், 1977-ல் முதலமைச்சர் ஆனார். பசியை அறிந்தவர் என்பதால் 1982-ல் சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தார்.

1984 அக்டோபர்

எம்.ஜி.ஆருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அது சத்தம் போடாமல் உடம்பைக் கெடுக்கும் நோய். 1984 அக்டோபர் 5 அன்று உடல்நிலை மோசமாகி, சென்னை அப்பல்லோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சிறுநீரகங்கள் வேலை செய்யவில்லை. கூடவே பக்கவாதமும் தாக்கியது. தமிழ்நாடு முழுக்கக் கோயில், மசூதி, சர்ச் எல்லாவற்றிலும் பிரார்த்தனை நடந்தது.

நவம்பரில் தனி விமானத்தில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் உள்ள டவுன்ஸ்டேட் மருத்துவமனையில் சிகிச்சை. மாற்றுச் சிறுநீரகம் வைத்தால்தான் டயாலிசிஸ் இல்லாமல் வாழலாம் என்ற நிலை. யார் கொடுப்பது? அண்ணன் சக்ரபாணியின் மகள் லீலாவதி முன்வந்தார். நம்ம ஊர் வழக்கப்படி சொன்னால், சித்தப்பாவுக்கு மகள் கொடுத்தார். டிசம்பரில் ஆபரேஷன் நடந்தது.

அதே மாதம் இங்கே தேர்தல். ஆண்டிபட்டியில் நின்ற எம்.ஜி.ஆர். ஒருநாள்கூடப் பிரசாரத்துக்கு வராமலேயே ஜெயித்தார்! 1985 பிப்ரவரி 4 அன்று சென்னை திரும்பினார். பிப்ரவரி 10 அன்று மூன்றாவது முறையாக முதலமைச்சர் பதவி ஏற்றார். பேச்சு மட்டும் பழையபடி திரும்பவில்லை.

ஆபரேஷனில் என்ன நடக்கும்?

நம்ம முஷ்டி அளவுதான் ஒரு சிறுநீரகம். இரண்டும் சேர்ந்து இரத்தத்தை வடிகட்டுகின்றன. இரண்டும் கெட்டால் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை டயாலிசிஸ் மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். மாற்று ஆபரேஷனில் பழைய கிட்னியைப் பெரும்பாலும் எடுப்பதில்லை! புதியதை அடிவயிற்றில் ஒரு பக்கம் வைத்து, இரத்தக் குழாய்களோடும் சிறுநீர்ப்பையோடும் இணைக்கிறார்கள்.

அதோடு முடியாது. உடம்பு புதிய கிட்னியை அந்நியனாக நினைத்து எதிர்க்கும். அதைத் தடுக்கத் தினமும் மாத்திரை போட வேண்டும், அதுவும் ஆயுள் முழுக்க. மாத்திரையால் எதிர்ப்புச் சக்தி குறைவதால் தொற்றுநோய் வராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1954-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் முதல் வெற்றிகரமான ஆபரேஷன் இரட்டையர்களுக்கு இடையே நடந்ததும் இதனால்தான். ஒரே மாதிரி உடம்பு என்பதால் எதிர்ப்பு வரவில்லை. நம் நாட்டில் 1971-ல் வேலூர் சி.எம்.சி.யில் வெற்றி கிடைத்தது. இன்று சென்னை அரசுப் பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும்கூடச் செய்கிறார்கள். ஏழைகளும் அமெரிக்கா போகாமலே பிழைக்கலாம்.

கொடுத்தவர் என்ன ஆனார்?

எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24 அன்று மாரடைப்பால் காலமானார். ஆபரேஷனுக்குப் பின் மூன்று ஆண்டுகள். உயிரோடு இருப்பவர் தரும் கிட்னி இப்போது சராசரியாக 15 முதல் 20 ஆண்டுகள் உழைக்கிறது என்கிறார்கள். ஆனால் அவருக்கு அப்போது 67 வயது, சர்க்கரை நோய், பக்கவாதம் வேறு. அந்த நிலையில் மூன்று ஆண்டுகள் மாநிலத்தையே ஆண்டது சாதாரண விஷயமா?

ஒரு கிட்னி கொடுத்தால் கொடுத்தவருக்கு ஆபத்து என்று நம்ம வீடுகளில் பயப்படுவார்கள். லீலாவதி அம்மையார் ஒரே சிறுநீரகத்தோடு அதன்பின் சுமார் 37 ஆண்டுகள் வாழ்ந்து, 2021-ல்தான் மறைந்தார். டாக்டர்கள் நன்றாகப் பரிசோதித்து, சரி என்று சொன்னவர்களுக்கு ஒரு கிட்னி போதும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் பணத்துக்கு விற்பதும் வாங்குவதும் 1994 சட்டப்படி குற்றம். அன்பால் மட்டுமே கொடுக்கலாம்.

எம்.ஜி.ஆர். தன் ராமாவரம் தோட்டத்துச் சொத்தைக் காது கேளாத, வாய் பேசாத குழந்தைகளுக்காக உயில் எழுதி வைத்தார். குரலையும் கேட்கும் திறனையும் இழந்த வலி அவருக்குத் தெரியும் அல்லவா? இன்று அங்கே அந்தப் பிள்ளைகளுக்கான பள்ளி நடக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

* வீட்டில் சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது சிறுநீர், இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். நாவலூரில் இருந்து ரொம்ப தூரம் போக வேண்டாம், பக்கத்து அரசு சுகாதார நிலையத்திலேயே கேட்கலாம்.
* வலி மாத்திரையைக் கடையில் தானாக வாங்கி அடிக்கடி போடாதீர்கள்.
* முகம், கால் வீங்கினாலோ சிறுநீர் நுரைத்தாலோ டாக்டரைப் பாருங்கள்.
* வெயிலில் விளையாடிவிட்டுத் தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள்!

முதலமைச்சருக்கே வந்த நோய் நமக்கு வராது என்று சொல்ல முடியாது. வருமுன் காப்போம். வந்தவர்களுக்குக் கை கொடுப்போம்!

- பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு