காவிரிக் கரையில் ஒரு காவி உடைப் பாதிரியார்

குளித்தலைக்கு அருகே காவிரிக் கரையில் தண்ணீர்ப்பள்ளி என்று ஒரு சிற்றூர். அங்கே மரநிழலில் ஓர் ஆசிரமம் இருக்கிறது. பெயர் சாந்திவனம். மௌனமாகச் சில நாள் தங்கித் தியானம் செய்வதற்காக உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் அங்கே வருகிறார்கள். ஆனால் அதைத் தோற்றுவித்தவர் கண்மூடியபோது, அங்கே நிலைத்து நின்ற சீடர் ஒருவர்கூடக் கிடையாது!

அவர் பெயர் ஜூல் மோன்ஷனேன். பிரெஞ்சு நாட்டில் லியோன் நகருக்கு வடக்கே, திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஃப்ளூரி என்ற ஊரில் 1895-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி பிறந்தார். குழந்தைப் பருவத்திலிருந்தே இழுப்பு நோய் அவரை விடவில்லை. உடல்தான் நோஞ்சான், மூளையோ கூர்மையானது. 1922-ல் குருப்பட்டம் பெற்றார். டாக்டர் பட்டம் வாங்கிப் பேராசிரியராகிவிடுவார் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். அவரோ படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வாழும் பங்கு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கரித்தூள் பறக்கும் ஊருக்கு இழுப்பு நோயாளி போவதை என்னவென்று சொல்வது!

1932-ல் கடும் நோயில் விழுந்தார். பிழைப்பதே அரிது என்ற நிலை. பிழைத்தெழுந்தால் மீதி வாழ்நாளை இந்தியாவுக்கே கொடுத்துவிடுவதாக அப்போது நேர்ந்துகொண்டார். பிழைத்தார். சம்ஸ்கிருதம் படித்தார். 1939-ல் கப்பலேறினார். திருச்சி மேற்றிராணியார் ஜேம்ஸ் மெண்டோன்சா ஆண்டகை அவரைத் தம் மேற்றிராசனத்தில் சேர்த்துக்கொண்டார்.

வந்தவுடன் ஆசிரமம் கிடைத்துவிடவில்லை. பத்து வருஷம் கிராமப் பங்குகளில் சாதாரணப் பங்குக் குருவாக உழைத்தார். ஐரோப்பாவின் பெரிய மேதைகளோடு சரிசமமாக விவாதித்தவர், வெயிலிலும் புழுதியிலும் ஏழைக் குடியானவர்களின் குறைகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். மனத்திலே மட்டும் ஒரே எண்ணம். தவம் என்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல; அப்படியிருக்க, கிறிஸ்தவத் துறவு மட்டும் ஏன் ஐரோப்பிய உடையிலும் ஐரோப்பிய மடத்திலும் அடைந்து கிடக்க வேண்டும்? மூன்று நூற்றாண்டுக்கு முன் மதுரையில் தத்துவ போதகர் எனப்பட்ட ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தினார். ஆனால் அவர் நாடியது போதகப் பணியை. மோன்ஷனேன் நாடியதோ தியானத்தை. எத்தனை பேர் மதம் மாறினார்கள் என்ற கணக்கில் அவர் கருத்துச் செல்லவில்லை.

1948-ல் பிரெஞ்சு நாட்டிலிருந்து ஆன்றி லெ சோ என்ற ஆசீர்வாதப்பர் சபைத் துறவி வந்து சேர்ந்தார். மறு ஆண்டு இருவரும் திருவண்ணாமலை சென்று ரமண மகரிஷியைத் தரிசித்தார்கள். 1950-ம் ஆண்டு மார்ச் 21-ந் தேதி, ஆசீர்வாதப்பர் திருநாளன்று, சச்சிதானந்த ஆசிரமம் பிறந்தது. சத்து, சித்து, ஆனந்தம் என்ற மூன்றிலே பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற திரித்துவத்தின் சாயலைக் கண்டதால் வந்த பெயர் அது. மோன்ஷனேன் தமக்குப் பரம அரூபி ஆனந்தம் என்று பெயர் சூட்டிக்கொண்டார். உருவமற்றது என்று பொருள்படும் அரூபி என்ற சொல்லைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஆவிக்கு வழங்கி வந்தார்கள். இவ்வளவு பொருத்தமான பெயரை வேறு எந்த மொழியிலும் தேடியிருக்க முடியாது!

சின்னஞ்சிறு குடில்கள், காவித் துணி, மரக்கறி உணவு. கோயில் கர்ப்பக்கிருகம் போல இருண்ட ஒரு சிறு பூசை அறை. பூசை அப்போது லத்தீனில்தான். மற்ற வேளை ஜெபங்களில் தமிழும் சம்ஸ்கிருதமும் ஒலித்தன. கிறிஸ்தவரில் பலருக்கு இது புரியவில்லை. சந்தேகத்தோடு பார்த்தவர்களும் உண்டு.

இளைஞர்கள் வந்தார்கள்; போனார்கள். 1955-ல் பெல்ஜியம் நாட்டுத் துறவி பிரான்சிஸ் மாஹியு வந்தார். அவரும் நிலைக்கவில்லை, பின்னர் கேரளத்தில் குரிசுமலை ஆசிரமத்தை நிறுவினார். லெ சோவும் அத்வைதத்தில் ஆழ்ந்துபோனார். அருணாசலமும் திருக்கோவலூர் ஞானானந்தரும் அவரை இழுத்தார்கள். கிரேக்கத் தத்துவத்தில் ஊறிய மோன்ஷனேனால் அவ்வளவு தூரம் கூடப் போக இயலவில்லை. அத்வைதத்தின் ஆழத்தை அவர் மதித்தார். ஆயினும் திரித்துவம் அதிலே கரைந்துவிடுமோ என்று அஞ்சினார். ஒரே வேலிக்குள் இரண்டு துறவிகள், இரண்டு பாதைகள்! ஆசிரமத்தில் இருந்த ஒரே துணையோடும் மனம் ஒட்டாமல் போனதுதான் அந்த முதியவருக்கு எல்லாவற்றிலும் பெரிய தவம்.

1957-ல் வயிற்றில் கட்டி கண்டது. சிகிச்சைக்காகப் பாரிஸ் நகருக்குக் கொண்டுபோனார்கள். குளித்தலைக்குத் திரும்ப வேண்டும் என்ற ஆசை இருந்தது, உடம்பு இடங்கொடுக்கவில்லை. அக்டோபர் 10-ந் தேதி ஆஸ்பத்திரியிலேயே உயிர் பிரிந்தது. வயது 62.

லெ சோ 1968-ல் இமயத்தின் பக்கம் நிரந்தரமாகப் போய்விட்டார். அதே ஆண்டு குரிசுமலையிலிருந்து ஆங்கிலேயத் துறவி பீட் கிரிபித்ஸ் இரண்டு துணைவர்களோடு சாந்திவனம் வந்து சேர்ந்தார். சீடர்கள் வந்தார்கள். வெளிநாட்டு யாத்திரிகர்கள் வந்தார்கள். ஆசிரமத்தின் பெயர் உலகெங்கும் பரவியது. 1993-ல் மறைந்த கிரிபித்ஸின் சமாதி அங்கேயே இருக்கிறது. விதையை ஊன்றிய மோன்ஷனேன் மட்டும் பிரெஞ்சு மண்ணில் உறங்குகிறார்.