டிப்ளோமா படித்த பேராசிரியர்

பாலிடெக்னிக்கில் படிக்கிறவனுக்குத் தமிழ் எதற்கு என்று நம்மிடம் கேட்டவர்கள் உண்டு. சுவாமி விபுலானந்தரைப் பற்றி அப்போதே தெரிந்திருந்தால் பதில் சொல்லியிருப்போம்.

இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருது, நிந்தவூர் என்ற இரு முஸ்லிம் ஊர்களுக்கு நடுவே உள்ள காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்தவர். இயற்பெயர் மயில்வாகனன். கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து 1916ல் விஞ்ஞான டிப்ளோமா பெற்றார். அதே ஆண்டு மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் தேறினார்! 1920ல் லண்டன் பி.எஸ்ஸி. பட்டம். 1924ல் ராமகிருஷ்ண மடத்தில் துறவியானார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர்.

துறவிக்கு நாடகம் எதற்கு என்று அவர் நினைக்கவில்லை. ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும் சிலப்பதிகாரம் சொல்லும் அரங்கையும் சேர்த்து ஆராய்ந்து ‘மதங்க சூளாமணி’ எழுதினார்.

நம் மலரில் இவர் ஏன் என்று பெரியவர்கள் கேட்கலாம். 1942ல் கல்முனைக்கு அரசாங்க அதிகாரியாக வந்த மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் இவரோடு நெருங்கிப் பழகியவர். அஸீஸ் அந்த ஆண்டே அங்கு முஸ்லிம் கல்விச் சங்கம் தொடங்கினார். 1945ல் ஏழை மாணவர்களுக்காக இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை ஏற்படுத்தினார். பிள்ளைகளின் படிப்புக்காகப் பாடுபட்ட இருவருக்கும் மதம் குறுக்கே நிற்கவில்லை.

அவருடைய பெரிய வேலை ‘யாழ் நூல்’. யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. பழைய பாடல்களிலும் உரைகளிலும் பெயர்களும் சில குறிப்புகளுமே மிச்சம். அவற்றை வைத்துக்கொண்டு விஞ்ஞானம் படித்தவர் கணக்குப் போட்டார். கம்பியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் பஞ்சமம். சிராங்கூன் சாலையில் வீணை விற்கும் கடையில் நாமே இதைச் சோதித்துப் பார்த்தோம். கடைக்காரர் வாங்குவோம் என்று நம்பிவிட்டார், பாவம். இந்தக் கணக்கை நூல்களின் குறிப்புகளோடு பொருத்தி, வில்யாழ் முதல் சகோடயாழ் வரை எந்த நரம்பு என்ன சுரம் என்று ஆராய்ந்தார். பத்தாண்டுக்கு மேல் பிடித்த உழைப்பு. நூலின் கணக்குப் பக்கங்களைப் பென்சிலோடு படித்துவிட்டோம். பண்களைப் பற்றிய பகுதி நமக்குப் பிடிபடவில்லை.

1947 ஜூன் மாதம் தமிழ்நாட்டில் திருக்கொள்ளம்புதூரில் நூல் அரங்கேறியது. அவர் கணக்குப்படி செய்த யாழ்களை அங்கே இசைத்தார்கள். ஜூலை 19ஆம் தேதி அவர் காலமானார். வயது 55.