பெயர் வெட்டாத கொல்லன்

மீன் வெட்டுகிற கத்தியில் என்ன பெரிய சங்கதி இருக்கப் போகிறது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஜப்பானில் பச்சை மீனைச் சீவுவதற்கென்றே 'யனகிபா' என்று ஒரு கத்தி இருக்கிறது. சுமார் ஓரடி நீளம். ஒரு பக்கம் மட்டும்தான் சாணை. மறுபக்கம் லேசாகக் குழிந்திருக்கும், சீவின துண்டு ஒட்டாமல் விழுவதற்காக. அதிலேயே உயர்ந்த ரகத்தில் கூர் விளிம்பை ஒட்டி அலை மாதிரி ஒரு வெண்கோடு ஓடும். அது பெயின்ட்டும் இல்லை, செதுக்கலும் இல்லை. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனால் 700 வருஷத்துக்கு முந்தைய ஒரு கொல்லுப்பட்டறையில் போய் நிற்போம். அந்தப் பட்டறைக்காரர்தான் மசமுனே.

ஜப்பானின் சகாமி நாட்டில், அன்றைய இராணுவ ஆட்சியின் தலைநகரான காமகுராவில் வாழ்ந்தவர். காலம் 13-ஆம் நூற்றாண்டின் கடைசியும் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கமும். பிறந்த நாள், இறந்த நாள் எதற்கும் உறுதியான பதிவு கிடையாது. (ராஜாக்களுக்கு மட்டும் நாள், நட்சத்திரம் வரை இருக்கும்!) முழுப்பெயர் கொரோ நியூடோ மசமுனே. நியூடோ என்றால் வீட்டில் இருந்துகொண்டே புத்த நெறியில் துறவு ஏற்றவர். ஷின்தோகோ குனிமிட்சு என்பவரிடம் தொழில் கற்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

1274-லும் 1281-லும் மங்கோலியர் படை கப்பலில் வந்து ஜப்பானைத் தாக்கியது. அந்தப் போருக்குப் பிறகுதான் ஒடியாத, விளிம்பு உதிராத வாள் வேண்டும் என்ற தேடல் பலமாகியது என்பார்கள். நம் பாடத்தில் படிக்கிற அதே தகராறுதான்! கார்பன் கூடினால் கடினம் வரும், ஆனால் ஒடியும். கார்பன் குறைந்தால் ஒடியாது, ஆனால் கூர் நிற்காது. இரண்டும் ஒரே இரும்பில் வேண்டுமென்றால் என்ன செய்வது?

ஜப்பானியக் கொல்லர்களுக்குக் கிடைத்தது ஆற்றுமணலில் கலந்திருக்கும் இரும்பு மணல். மண் உலையில் கரியோடு சேர்த்து எரித்து எஃகுக் கட்டி எடுப்பார்கள். அதில் ஓரிடத்தில் கார்பன் அதிகம், ஓரிடத்தில் குறைவு, நடுவே கசடு வேறு. அதனால் காய்ச்சி, தட்டி, மடித்து, மறுபடி தட்டுவார்கள். பத்துத் தரம் மடித்தாலே 1024 அடுக்கு. கசடு பொறியாகத் தெறித்துப் போகும், கார்பன் சமமாகப் பரவும்.

அதற்குப் பிறகுதான் உயிர் போகிற வேலை. களிமண்ணில் கரித்தூளும் கல்தூளும் குழைத்து வாள் முழுக்கப் பூசுவார்கள். கூர் பக்கம் மெல்லிசாக, முதுகுப் பக்கம் தடிமனாக. காய்ச்சித் தண்ணீரில் விட்டால் கூர் சட்டென்று குளிர்ந்து மார்ட்டென்சைட் ஆகும். முதுகு மெதுவாகக் குளிர்ந்து பெர்லைட்டாக நிற்கும். ஒரே உலோகம், இரண்டு குணம்! மார்ட்டென்சைட்டுக்கு இடம் கொஞ்சம் அதிகம் வேண்டும். அதனால் கூர் பக்கம் நீண்டு, வாள் முதுகுப் பக்கமாக வளையும். தண்ணீருக்குள்ளேயே வெடித்துப் போவதும் உண்டு. அத்தனை நாள் உழைப்பும் போச்சு.

இந்த இரண்டு குணமும் சந்திக்கிற எல்லைதான் அந்த வெண்கோடு. மற்றவர்கள் வாளிலும் அது உண்டு. மசமுனேயின் வாளில் அதை ஒட்டி, வெறும் கண்ணுக்கே தெரியும் அளவுக்கு, படிகப் பொட்டுகள் நட்சத்திரம் சிதறினாற்போல மின்னும். ஊடே மின்னல் கீற்று மாதிரி வரிகள். இன்றும் அதைத்தான் அவருடைய முத்திரையாகப் பார்க்கிறார்கள்.

தெர்மோமீட்டர் இல்லாத காலம். பட்டறையை இருட்டாக்கி, இரும்பின் நிறத்தை வைத்தே சூடு கணித்தார்கள். எங்க அப்பாவும் பட்டறையில் சம்மட்டி பிடித்தவர்தான். பள்ளிக்கூடம் பக்கம் போனதில்லை. நிறம் பார்த்துத்தான் அரிவாளுக்குத் தோய்ச்சல் கொடுப்பார். லேப்பில் அயர்ன்-கார்பன் வரைபடத்தை முதன்முதலாகப் பார்த்த அன்று எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

மசமுனேயைப் பற்றிக் கதைகளும் ஏராளம். முரமாசா என்ற கொல்லரும் அவரும் வாளை ஓடையில் நட்டுப் போட்டி போட்டார்களாம். சும்மா கதை! முரமாசா பிறக்கும்போது மசமுனே இறந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

இதைவிட வேடிக்கை ஒன்று நடந்தது. அவர் தம் படைப்புகளில் அநேகமாகப் பெயரே வெட்டவில்லை. கையெழுத்து உள்ளவை விரல் விட்டு எண்ணக்கூடிய சில குறுவாள்கள் மட்டுமே. அதனால் 1896-இல் ஜப்பானில் ஒரு வாள் நிபுணர், மசமுனே என்று அப்படிப் பெரிய கொல்லர் யாரும் இருந்ததில்லை என்றே எழுதிவிட்டார். பெரிய சர்ச்சை கிளம்பியது. கடைசியில் பழைய வாள் நூல்களும், அந்தச் சில கையெழுத்துகளும்தான் அவரைக் காப்பாற்றின. பெயர் போடாமல் வேலை செய்தவனை இல்லவே இல்லை என்று சொல்வது எவ்வளவு சுலபம் பாருங்கள்.

1876-இல் அரசு, பொது இடத்தில் வாள் தரிப்பதைத் தடை செய்தது. வாள் கொல்லர்கள் பலர் கத்தி, உளி, அரிவாள் பக்கம் திரும்பினார்கள். களிமண் பூசித் தோய்க்கும் கலை இப்படித்தான் மீன் கத்திக்கும் வந்து நிலைத்தது. அந்த ரகத்துக்கு 'ஹோன்யாகி' என்று பெயர். இன்று வீட்டுப் பட்டறையில் செய்து பார்க்கிறவர்கள் நிறத்தை நம்பாமல் காந்தத்தைக் காட்டுகிறார்கள். 770 டிகிரியில் இரும்பு காந்தத்தில் ஒட்டாது. அதைத் தாண்டிக் கொஞ்சம் சூடேற்றித் தோய்ப்பார்கள். அப்படியும் வெடிக்கிறது!

அவருடைய மிகப் புகழ்பெற்ற வாளான 'ஹோன்ஜோ மசமுனே' தோகுகாவா குடும்பத்திடம் இருந்தது. 1939-இல் தேசியச் சொத்தாக அறிவித்தார்கள். போரில் தோற்றபின் ஆயுதங்களை ஒப்படைக்க உத்தரவு. 1945 டிசம்பரில் அது டோக்கியோவில் ஒரு காவல் நிலையத்துக்குப் போனது. மறுமாதம் அங்கிருந்து வெளியே போனது, இன்றுவரை கிடைக்கவில்லை.

ஆனால் அவர் கை பட்ட மூன்று குறுவாள்கள் இருக்கின்றன. மூன்றுமே தேசியப் பொக்கிஷங்கள். வழக்கத்துக்கு மாறாக அகலமாக, குட்டையாக இருக்கும். அதனால் அவற்றுக்கு மக்கள் வைத்த பெயர் 'ஹோச்சோ மசமுனே'. ஹோச்சோ என்றால் சமையல் கத்தி.