முத்தினுள் சான்று தேடிய பேரறிஞர்

கொற்கை முத்துக்குப் புகழ் தந்த மன்னார் வளைகுடாவின் ஈழக் கரையில் அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி என்னும் ஊர்கள் முத்துக்குளிப்பினால் பெயர் பெற்றவை. அவற்றின் எதிரேயுள்ள பார்களில் 1891க்குப் பின் பதினோராண்டு குளிப்பே நிகழவில்லை. இளஞ்சிப்பிகள் கோடிக்கணக்கில் தோன்றும், முதிருமுன்னரே மறைந்தொழியும். அவை மடிவது எதனால் என்று அறிந்து கூறுமாறு இலங்கை அரசு அழைத்த அறிஞரே வில்லியம் அபட் ஹேர்ட்மன்.

1858இல் எடின்பரோவில் பிறந்த அவர், 'சலஞ்சர்' கப்பல் திரட்டிய கடலுயிர்களை ஆராய்ந்து தேர்ச்சி பெற்றார். 1881இல் லிவர்பூலில் பேராசிரியரானார். 1902இன் தொடக்கத்தில் உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னெலுடன் இலங்கை வந்து, 'லேடி ஹவ்லொக்' கப்பலில் பார்களைச் சோதித்தார். பருவக்காற்றால் பெயரும் மணல் சிப்பிகளை மூடுவதும், திருக்கை முதலிய மீன்கள் அவற்றை உண்பதும், நெருக்கமும் அழிவுக்குக் காரணங்கள் என்று கண்டார். இளஞ்சிப்பிகளை ஏற்ற பார்களுக்குப் பெயர்த்து வளர்க்குமாறு பரிந்துரைத்தார்.

முத்து பிறக்கும் காரணத்தையும் அவர் விட்டுவிடவில்லை. மெல்லிய அமிலத்தில் முத்தின் சுண்ணத்தைக் கரைத்து, எஞ்சியதைச் சீவல்களாக அரிந்து, சாயமூட்டி, நுணுக்குக்காட்டியில் நோக்குவது அக்கால முறை. முத்தின் நடுவில் நாடாப்புழுவின் குடம்பியைக் கண்டதாக இருவரும் அறிவித்தனர். சிறந்த முத்துக்கெல்லாம் அப்புழுவே கரு என்னும் கொள்கை எழுந்தது. 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்த அறிக்கை அதற்குப் பெருமதிப்பைத் தந்தது.

ஆயினும் 1912இல் லிஸ்டர் ஜேம்சன் அக்கொள்கையை மறுத்தார். புழுவென்று கொள்ளப்பட்டது எப்போதும் புழுவன்று என்பது அவர் வாதம். சிப்பியின் மேலுறைக் கலங்கள் இழையத்துள் புகுந்து ஒரு பையாகி முத்தைச் சுரக்கின்றன என்பதே இன்று நிலைபெற்ற கருத்து. ஒட்டுண்ணி அதற்குத் தூண்டுகோலாகலாம், ஒரே காரணமன்று.

சீவலில் கண்ட ஓர் அடையாளத்தைக் காரணமென்று கொள்ளும் இவ்விடர் பழங்கதையன்று. மூளை இழையத்தில் கலங்களின் திட்டமிட்ட மரணத்தைத் தேடும் ஆய்வுக்கூடங்களிலும் அது காத்திருக்கிறது. அவ்வாறு மாயும் கலத்தின் டி.என்.ஏ. துண்டாகும், அத்துண்டுகளின் முனைகளுக்கு நிறக்குறி இடும் முறை 1992இல் வெளிவந்தது. எனினும், குருதியோட்டம் நின்று சிதைந்து மடியும் கலத்திலும் அம்முனைகள் குறியேற்கும். ஆதலின் கலத்தின் சுருங்கிய உருவமும், மரணத்தை இயக்கும் காஸ்பேஸ் நொதியும் ஒருங்கே சான்று பகர்ந்தாலன்றித் தேர்ந்த ஆய்வாளர் முடிவு கூறார். ஹேர்ட்மன் காலத்தில் அத்தகைய இரண்டாம் சாட்சி கிடைத்தற்கு அரிது.

மன்னாரின் கதையும் அவ்வாறே திரும்பிற்று. 1905இல் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் கரையேறின. மறு ஆண்டு பார்களை இலண்டன் நிறுவனமொன்று இருபதாண்டுக் குத்தகைக்கு எடுத்தது; சில ஆண்டுகளில் சிப்பிகள் மீண்டும் அருகின; நிறுவனமும் வீழ்ந்தது. சங்கு ஊதிச் சலாபம் கூடிய கரையில் மௌனம் குடியேறிற்று.

ஹேர்ட்மனின் மகன் ஜோர்ஜ் 1916இல் சொம் போரில் மடிந்தான். அவன் பெயரால் லிவர்பூலில் நிலவியல் பேராசிரியப் பதவியொன்றை நிறுவிய தந்தை, 1924இல் மறைந்தார். பார்களைப் பற்றி அவர் எழுதிய பக்கங்கள் இன்றும் பயன்படுகின்றன. முத்தைப் பற்றியவை எச்சரிக்கையாக நிற்கின்றன.